பாறைத் துளைமுனையின் வரலாறு

பாறைத் துளைமுனை என்பது சுரங்கம், கல்குவாரி, மலைக்குடைவுப் பாதை, அணை, ஆழ்துளைக் கிணறு முதலிய பணிகளில் பாறையை நேரடியாகத் தாக்கித் துளையிடும் கருவிப் பகுதியாகும். துளைப்பொறி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பாறையைத் தொடுவது இந்த முனை மட்டுமே. களத்தில் வேலை செய்வோர் இதனைப் 'பிட்' என்றும், இதைத் தாங்கும் எஃகுத் தண்டை 'ராடு' என்றும் அழைக்கின்றனர்.

துளையிடும் தொழில் தொடக்கம் முதல் இரண்டு கேள்விகளைச் சந்தித்து வந்துள்ளது. பாறையோடு மோதும் முனை மழுங்காமல் இருப்பது எப்படி என்பது முதல் கேள்வி. உடைந்த தூளைத் துளையிலிருந்து வெளியேற்றுவது எப்படி என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு எஃகு, வைரம், டங்ஸ்டன் கார்பைடு என ஒன்றன்பின் ஒன்றாக விடைகள் கிடைத்தன. இரண்டாவது கேள்வி நெடுங்காலம் சிறிய சிக்கலாகவே கருதப்பட்டது. அதற்குச் சரியான விடை கிடைத்த பிறகும் அது எல்லாச் சுரங்கங்களுக்கும் போய்ச் சேரவில்லை. அதன் விலையைச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் நுரையீரலால் செலுத்தினர்.

பண்டைய முறைகள்

இரும்பு பரவுவதற்கு முன்பே கடும்பாறையில் துளையிட மனிதர் கற்றிருந்தனர். பண்டைய எகிப்தியர் செப்புக் குழாயைச் சுழற்றி, அதன் அடியில் மணலைத் தூவிக் கருங்கல்லைத் துளைத்தனர். செம்பு கருங்கல்லைவிட மென்மையானது. உண்மையில் கல்லை அரைத்தது மணலில் இருந்த குவார்ட்ஸ் துகள்களே. முனையைத் தாங்கும் உலோகம் வேறு, பாறையை வெட்டும் பொருள் வேறு என்ற இந்தக் கொள்கை பல நூற்றாண்டுகளுக்குப் பின் வைர முனையிலும் கார்பைடு முனையிலும் மீண்டும் பயன்பட்டது.

சுரங்கங்களில் பாறையை உடைக்கத் தீ பயன்பட்டது. பாறை முகப்பில் விறகை அடுக்கி எரித்தால் சூட்டில் பாறை விரிசல் விடும். அதன்பின் உளியாலும் ஆப்பாலும் பெயர்த்தெடுப்பர். ஜெர்மானிய அறிஞர் கியோர்கியஸ் அக்ரிகோலாவின் 'டி ரே மெட்டாலிக்கா' என்னும் நூல் (1556) இம்முறையை விளக்குகிறது.

சீனாவின் சிச்சுவான் பகுதியில் உப்புநீர் எடுப்பதற்காக வேறொரு முறை வளர்ந்தது. கனமான இரும்பு முனையை மூங்கில் நாரால் ஆன கயிற்றில் தொங்கவிட்டு, மரநெம்புகோலால் மேலும் கீழும் இயக்கிப் பாறையைக் குத்திக் குத்தித் துளைத்தனர். இம்முறையில் தோண்டப்பட்ட ஷென்ஹாய் கிணறு 1835ஆம் ஆண்டில் 1,000 மீட்டர் ஆழத்தைத் தாண்டியது.

வெடிமருந்தும் கைத்துளையும்

1627ஆம் ஆண்டு ஷெம்னிட்ஸ் சுரங்கத்தில் (இன்றைய சுலோவாக்கியாவின் பான்ஸ்கா ஷ்டியாவ்னிட்சா) காஸ்பர் வைண்டல் என்பவர் வெடிமருந்தால் பாறையை உடைத்துக் காட்டினார். சுரங்க வெடிப்புப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய தெளிவான பதிவுகளில் இதுவும் ஒன்று. இதன்பின் துளையின் தேவை பெருகியது. வெடிமருந்தைப் பாறையின் மேல் வைத்தால் அதன் ஆற்றல் காற்றில் வீணாகும். ஆழமான குறுகிய துளைக்குள் அடைத்து மூடினால்தான் பாறை பிளக்கும்.

இந்தத் துளையை இடுவதற்கு உளி போன்ற முனை கொண்ட எஃகுத் தண்டு பயன்பட்டது. ஒருவரே இடக்கையில் தண்டைப் பிடித்து வலக்கையில் சுத்தியலால் அடிப்பது ஒரு முறை. ஒருவர் தண்டைப் பிடிக்க, மற்றொருவரோ இருவரோ பெரிய சம்மட்டியால் அடிப்பது இன்னொரு முறை. ஒவ்வோர் அடிக்கும் பிறகு தண்டைச் சிறிது திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் முனை ஒரே பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். திருப்பினால் ஒவ்வோர் அடியும் புதிய இடத்தில் விழுந்து, இரு பள்ளங்களுக்கு இடைப்பட்ட பாறை சில்லாகத் தெறிக்கும். இன்றைய இயந்திரத் துளைப்பிலும் அடி, திருப்பம், தூள் நீக்கம் ஆகிய மூன்றும் அப்படியே உள்ளன.

துளை கீழ்நோக்கி இருந்தால் அதில் தண்ணீர் ஊற்றுவர். தூள் சேறாகிவிடும். அதை நீண்ட கரண்டியால் வழித்தெடுப்பர். வேலை மெதுவாக நடந்ததாலும் தூள் பெரும்பாலும் ஈரமாக இருந்ததாலும் காற்றில் பறந்த தூசி பிற்காலத்தை நோக்கக் குறைவு. தமிழ்நாட்டில் பாறைக் கிணறு வெட்டுவோரும் நெடுங்காலம் இவ்வாறு கையால் தமர் அடித்தே வெடி வைத்தனர்.

கொல்லுலையின் இடம்

கைத்துளைக் காலத்திலும் தொடக்ககால இயந்திரத் துளைப்பிலும் சுரங்கத்தின் வேகத்தைத் தீர்மானித்தவர் கொல்லர். கடும்பாறையில் எஃகு முனை மிக விரைவில் மழுங்கும். மழுங்கிய தண்டுகளைச் சுமந்து மேலே கொண்டுவருவதற்கும் கூராக்கியவற்றைக் கீழே கொண்டுசெல்வதற்கும் சிறுவர்கள் உட்படத் தனி ஆட்கள் இருந்தனர்.

கொல்லர் முனையை உலையில் காய்ச்சி, அடித்து வடிவம் தந்து, தண்ணீரில் தோய்ப்பார். இதில் நுட்பமான கணக்கு உண்டு. மிகக் கடினமாகத் தோய்த்தால் முனை உடைந்து தெறிக்கும். மென்மையாக விட்டால் உடனே மழுங்கும். மேலும் முனை, தண்டைவிடச் சற்று அகலமாக இருக்க வேண்டும். இல்லையெனில் தண்டு துளைக்குள் இறுகிவிடும். வேலை நடக்க நடக்க முனையின் ஓரங்கள் தேய்ந்து துளையின் விட்டம் குறையும். எனவே ஒரே துளைக்கு ஒன்றைவிட ஒன்று நீளமாகவும், முனையில் சற்றே குறுகலாகவும் அமைந்த பல தண்டுகள் வரிசையாகத் தேவைப்பட்டன.

இயந்திரத் துளைப்பொறி

1848-49ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஜே. ஜே. கவுச் நீராவியால் இயங்கும் துளைப்பொறியை உருவாக்கினார். ஆனால் மூடிய சுரங்கத்துக்குள் நீராவி உகந்ததாக இல்லை. வெப்பமும் ஈரமும் ஆட்களை வாட்டின.

ஆல்ப்ஸ் மலையில் பிரான்சையும் இத்தாலியையும் இணைத்த ஃப்ரெஜூஸ் குடைவுப் பாதையில் (மோன் செனி பாதை) இதற்குத் தீர்வு கிடைத்தது. 1857இல் தொடங்கிய இப்பணி கைத்துளையால் நடந்தால் 25 ஆண்டுகள் வரை நீளும் எனக் கருதப்பட்டது. பொறியாளர் ஜெர்மேன் சோமெய்யே அழுத்தக் காற்றால் இயங்கும் துளைப்பொறிகளை 1861இல் பணியில் இறக்கினார். இயந்திரத்தை இயக்கிவிட்டு வெளியேறிய காற்று, உள்ளே இருந்தவர்களுக்கு மூச்சுக் காற்றாகவும் பயன்பட்டது. 1870 டிசம்பரில் இரு பக்கத்துப் பணியாளர்களும் நடுவில் சந்தித்தனர். 1871 செப்டம்பரில் பாதை திறக்கப்பட்டது. அதற்குச் சில வாரங்கள் முன்பே சோமெய்யே காலமாகியிருந்தார்.

அமெரிக்காவில் ஹூசாக் குடைவுப் பாதையில் சார்லஸ் பர்லியின் துளைப்பொறி 1866இல் பயன்பாட்டுக்கு வந்தது. 1871இல் சைமன் இங்கர்சால் தம் துளைப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். இவை எல்லாவற்றிலும் எஃகுத் தண்டு உந்துதண்டோடு இணைக்கப்பட்டு அதனுடன் முன்னும் பின்னும் ஓடியது. இயந்திரம் கனமானது, வேகம் குறைவு. தூளை வெளியேற்றும் வழியும் முழுமையாக இல்லை.

லெய்னரின் உள்துளைத் தண்டு

இக்குறைகளை நீக்க முயன்றவர் அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த ஜான் ஜார்ஜ் லெய்னர். 1890களில் இவர் அமைத்த பொறியில் தண்டு முன்பின் ஓடவில்லை. அது பாறையைத் தொட்டபடி நிற்க, உள்ளே ஓடிய சிறு சுத்தியல் அதன் பின்முனையை விரைவாகத் தட்டியது. கையால் அடிக்கும் பழைய முறையின் இயந்திர வடிவம் எனலாம். தண்டின் நடுவே நெடுக ஒரு துளை இருந்தது. அதன் வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தினால் முனையின் அடியில் சேரும் தூள் வெளியே ஊதப்படும்.

துளைக்கும் வேகம் கூடியது. ஆனால் ஊதப்பட்ட தூள் முழுவதும் துளைப்பவரின் முகத்தில் வந்து மோதியது. தொழிலாளர்கள் அந்தப் பொறியை இயக்க மறுத்தனர். விற்ற பொறிகளை லெய்னர் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அவர் அதே துளை வழியே காற்றோடு தண்ணீரையும் செலுத்தும்படி பொறியை மாற்றியமைத்தார். தூள் முனையிலேயே நனைந்து சேறாக வெளிவந்தது. முனையும் குளிர்ந்தது. இன்று உலகெங்கும் பயன்படும் ஈரத் துளைப்பின் அடிப்படை இதுதான்.

இந்தத் தீர்வு பிறக்கக் காரணமாக இருந்தது தொழிலாளர்களின் மறுப்பு என்பது கவனிக்கத்தக்கது. மறுக்க முடியாத நிலையில் தொழிலாளர் இருந்த இடங்களில் உலர்துளைப்பு தொடர்ந்தது. தண்ணீர்க் குழாய் பதிக்கச் செலவாகும், வேலை தாமதமாகும் என்பவை நிர்வாகங்கள் கூறிய காரணங்கள். மேல்நோக்கித் துளையிடும் சிறிய பொறிகள் பல ஆண்டுகள் தண்ணீர் இல்லாமலேயே இயங்கின. அவற்றின் தூசி நேராகத் துளைப்பவரின் மேல் கொட்டியது. அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர்கள் அவற்றுக்கு 'விதவையாக்கி' எனப் பெயரிட்டனர்.

தூசியும் நுரையீரலும்

வெங்கச்சங்கல் என ஊர்ப்புறங்களில் அழைக்கப்படும் குவார்ட்ஸ், சிலிக்கா என்ற பொருளால் ஆனது. கருங்கல்லிலும் மணற்பாறையிலும் தங்கத் தாதுப் படுகையிலும் இது உண்டு. துளைக்கும்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரியும் துகள்களை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். ஏறத்தாழ 0.005 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை செல்லும். அங்கே அவை தழும்புகளை உண்டாக்கும். தழும்பான பகுதியால் மூச்சை வாங்க முடியாது. இந்நோய் சிலிக்கோசிஸ் எனப்படும். இது காசநோய்க்கும் வழிவிடும். பாதிக்கப்பட்டவர் வேலையை விட்ட பிறகும் நோய் முற்றக்கூடும். இதை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்றும் இல்லை.

இந்நோயின் அளவைத் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்கள் உலகுக்குக் காட்டின. 1899இல் தொடங்கிய போயர் போரின்போது சுரங்கங்கள் மூடப்பட்டன. மீண்டும் திறந்தபோது பழைய துளைப்பாளர்கள் பலர் திரும்பவில்லை. போருக்கு முன் பணியாற்றிய 1,377 இயந்திரத் துளைப்பாளர்களில் 225 பேர் இடைப்பட்ட சில ஆண்டுகளில் இறந்துவிட்டதாக அரசுச் சுரங்கப் பொறியாளர் பதிவு செய்தார். அவர்களில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சென்றவர்கள் பலர். ஊர் திரும்பிய கார்ன்வால் துளைப்பாளர்களின் இறப்பு வீதம் அளவு கடந்து இருந்ததை ஜே. எஸ். ஹால்டேன் உள்ளிட்டோரின் 1904ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக்காட்டியது.

இவ்வளவும் தெரிந்த பின் நடந்தது அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் பேரிடர். 1930-31இல் நீர்மின் திட்டத்திற்காக மலையைக் குடைந்தபோது சிலிக்கா மிகுந்த பாறையில் தண்ணீர் இல்லாமல் துளையிட்டனர். உள்ளே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வேலை தேடி வந்த கறுப்பினத்தவர். சாதாரணமாகப் பல ஆண்டுகள் கழித்துத் தோன்றும் நோய் இங்கே சில மாதங்களிலேயே ஆட்களைக் கொன்றது. 1936இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதனை விசாரித்தது. இறந்தோர் 764 பேர் என மருத்துவ ஆய்வாளர் மார்ட்டின் செர்னியாக் 1986இல் வெளிவந்த தம் நூலில் மதிப்பிட்டார். அப்போது ஈரத் துளைப்பு கண்டறியப்பட்டு முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

வைர முனையும் உருளும் முனையும்

பாறையை அடித்துத் துளைப்பது ஒரு வழி என்றால், சுழற்றித் துளைப்பது மற்றொரு வழி. ரோடோல்ஃப் லெஷோ என்னும் பொறியாளர் 1860களில் வளைய வடிவ முனையில் கருநிற வைரங்களைப் பதித்தார். அதைச் சுழற்றினால் வளையத்தின் நடுவில் பாறை உருளை வடிவில் வெட்டப்படாமல் நிற்கும். அதை வெளியே எடுத்துப் பார்த்தால் பூமிக்கடியில் என்ன தாது உள்ளது என்பதைச் சுரங்கம் தோண்டாமலே அறியலாம். கனிம ஆய்வில் இன்றும் இம்முறையே முதன்மையானது.

எண்ணெய்க் கிணறுகளில் மீன்வால் போன்ற தட்டை முனைகள் பயன்பட்டன. மென்மையான மண்ணில் விரைந்து சென்ற அவை கடும்பாறையில் நின்றுவிட்டன. மூத்த ஹாவர்ட் ஹியூஸ் பல்வரிசை கொண்ட இரு கூம்புகள் உருளும் முனைக்கு 1909இல் காப்புரிமை பெற்றார். இது பாறையைச் சுரண்டாமல் நொறுக்கியது. அதே ஆண்டு டெக்சாஸின் கூஸ் கிரீக் பகுதியில் 14 அடிக் கடும்பாறையை 11 மணி நேரத்தில் துளைத்தது. 1930களில் இதுவே மூன்று கூம்பு முனையாக வளர்ந்தது.

ஆழ்கிணறுகளில் முனையின் ஆயுள் தனி முக்கியத்துவம் உடையது. ஒரு முனை தேய்ந்தால் கிலோமீட்டர் கணக்கில் குழாய்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, புதிய முனையை மாட்டி, மீண்டும் இறக்க வேண்டும். சோவியத் ஒன்றியத்தின் கோலா ஆய்வுக் கிணறு 1970இல் தொடங்கி 12,262 மீட்டர் ஆழத்தை அடைய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

டங்ஸ்டன் கார்பைடு

கொல்லுலையின் காலத்தை முடித்துவைத்தது டங்ஸ்டன் கார்பைடு. இது எஃகைவிடப் பல மடங்கு கடினமானது, ஆனால் தனியாக இருந்தால் எளிதில் உடையும். 1920களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனத்தில் கார்ல் ஷ்ரோட்டர் இதற்கு வழி கண்டார். கார்பைடுப் பொடியுடன் சிறிதளவு கோபால்ட் பொடியைக் கலந்து அழுத்தி உயர் வெப்பத்தில் சூடாக்கினால், உருகும் கோபால்ட் கார்பைடு மணிகளை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். கார்பைடு கடினத்தைத் தரும், கோபால்ட் அதிர்ச்சியைத் தாங்கும். குருப் நிறுவனம் இதனை 'விடியா' என்ற பெயரில் விற்றது. ஜெர்மன் மொழியில் 'வைரம் போல' என்னும் சொற்றொடரின் சுருக்கம் அது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுவீடனில் கார்பைடு முனை, இலகுவான துளைப்பொறி, அதைத் தாங்கி முன்தள்ளும் காற்றுக்கால் ஆகிய மூன்றும் ஒன்றாக இணைக்கப்பட்டன. இது 'சுவீடன் முறை' எனப் பெயர் பெற்றது. முன்பு இருவர் தேவைப்பட்ட இடத்தில் ஒருவரே போதுமானவர் ஆனார். ஒரு முனையைத் தீட்டாமல் பல மடங்கு தொலைவு துளைக்க முடிந்ததால், தண்டுகளைச் சுமக்கும் ஆட்களும் கொல்லர்களும் மெல்ல மெல்லச் சுரங்கங்களிலிருந்து மறைந்தனர். அதேவேளை ஒரே பணிநேரத்தில் பாறை கூடுதலாகத் தூளாகியது. தண்ணீர் இல்லாத இடத்தில் கூர்மையான முனை என்பது கூடுதல் தூசி என்றே பொருள்பட்டது.

பின்னர் உளி வடிவ முனைகளின் இடத்தை அரைக்கோளக் கார்பைடு பொத்தான்கள் பதித்த முனைகள் பெரிதும் பிடித்தன. 1970களில் செயற்கை வைர அடுக்கு ஒட்டிய வெட்டுமுனைகளும் சந்தைக்கு வந்தன.

கோலார் தங்கவயல்

இவ்வரலாற்றின் ஒரு பகுதி தமிழருக்கு நெருக்கமானது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனத்தினர் 1880 முதல் நவீன முறையில் தங்கம் எடுத்தனர். நிலத்தடித் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள். அவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். 1902இல் சிவசமுத்திரத்தின் காவிரி நீர்மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்றது.

இங்குத் தங்கம் குவார்ட்ஸ் படுகைகளில் இருந்தது. தங்கத்தைத் தேடிய ஒவ்வொரு துளையும் சிலிக்கா தூசியை எழுப்பியது. 1940களில் நடந்த ஆய்வில் பரிசோதிக்கப்பட்டவர்களில் 43.7 விழுக்காட்டினருக்குச் சிலிக்கோசிஸ் இருந்தது தெரியவந்தது. 1947இல் வெளியான இச்செய்தி இந்தியச் சுரங்கத் தொழிலாளர்களின் சிலிக்கோசிஸ் பற்றிய முதல் பெரிய சான்றாக மருத்துவ நூல்களில் இடம்பெற்றுள்ளது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் கீழ் சிலிக்கோசிஸ் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் ஆனது. சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன.

ஆழ்துளைக் கிணறுகள்

1950களில் துளைப்பொறியின் சுத்தியல் துளைக்குள்ளேயே இறங்கியது. முனைக்கு நேர்மேலே சுத்தியல் இருப்பதால், தண்டு எவ்வளவு நீண்டாலும் அடியின் வலிமை குறைவதில்லை. 1960களின் இறுதியில் ஏற்பட்ட வறட்சியை அடுத்து யுனிசெஃப் உதவியுடன் இத்தகைய பொறிகள் இந்தியாவின் கடும்பாறைப் பகுதிகளுக்கு வந்தன. பின்னர் நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோடு, 'ரிக்' வண்டிகளின் முதன்மையான மையமாக வளர்ந்தது. அங்கிருந்து வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் செல்கின்றன.

தமிழ்நாட்டில் வீட்டுக் கிணறுகளுக்கு நாலரை அங்குல முனையும் ஆறரை அங்குல முனையும் பெரிதும் பயன்படுகின்றன. முனையின் வெளிவட்டப் பொத்தான்கள் தேய்ந்தால் துளை கீழே போகப் போகக் குறுகும். அதன்பின் இறக்கும் புதிய முனை நடுவில் சிக்கிக்கொள்ளும். பழைய கொல்லர் தண்டு வரிசையில் கவனித்த அதே கணக்கை இன்றைய ரிக் ஓட்டுநரும் கவனிக்க வேண்டியுள்ளது.

இப்பொறிகளில் தூளை வெளியேற்றுவது அழுத்தக் காற்று. நிலத்தடி நீர் தட்டுப்படும் வரை வெண்தூசி மேகமாக எழும். துளைக்குள் செலுத்தும் காற்றோடு சிறிதளவு தண்ணீரைச் சேர்த்தால் அது பெருமளவு அடங்கும். கருங்கல் குவாரிகளிலும் கல் அறுக்கும் தொழிலிலும் இதே நிலைதான். முகத்தில் கட்டும் துண்டு மிக நுண்ணிய துகள்களைத் தடுப்பதில்லை. தூசி பிறக்கும் இடத்திலேயே அதை நனைப்பதுதான் உறுதியான வழி.

முடிவுரை

செப்புக் குழாயும் மணலும் கொண்டு தொடங்கிய துளைமுனை, செயற்கை வைரம் வரை வளர்ந்துள்ளது. கடினத்தைக் கூட்டும் ஒவ்வொரு கண்டுபிடிப்பும் வேகத்தையும் ஆதாயத்தையும் கூட்டியதால் விரைவில் பரவியது. தண்டின் நடுவே தண்ணீர் ஓட ஒரு சிறு துளை என்ற கண்டுபிடிப்பு துளைப்பவரின் உயிரைக் காத்தது. ஆனால் அது பரவச் சட்டமும் விசாரணையும் தேவைப்பட்டன. பாறைத் துளைப்பின் வளர்ச்சியை மதிப்பிடும்போது, துளையின் ஆழத்துடன் அதை இட்டவரின் ஆயுளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.